திருப்பண்டங்களும் அவற்றின் காவலரும்: சிர்த்தா முதல் கோவில்பிள்ளை வரை

முன்னுரை

தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் வைகறையில் முதலில் கோயிற்கதவைத் திறப்பவரும் இரவில் இறுதியாக அதனைப் பூட்டுபவரும் கோவில்பிள்ளை என்னும் பணியாளரே. மணியடித்தல், பீடத்தை அணிசெய்தல், திருவுடைகளை எடுத்துவைத்தல், திருக்கிண்ணம், கதிர்ப்பாத்திரம், தூபக்கலசம் முதலியவற்றைத் துலக்கிப் பூட்டிவைத்தல் ஆகியன இவர்தம் கடமைகள். இலத்தீன் திருச்சபை இப்பணியாளரைப் புனிதப் பொருள்களுக்கு உரியவர் எனப் பொருள்படும் 'சக்ரிஸ்தா' என்ற சொல்லாலும், கிரேக்கத் திருச்சபை கலங்களின் காவலர் எனப் பொருள்படும் 'ஸ்கெவோபிலாக்ஸ்' என்ற சொல்லாலும் குறித்தன.

திருச்சபை வரலாறுகள் ஆயர்களையும் குருக்களையும் மறைச்சாட்சிகளையும் விரிவாகப் பேசுகின்றன. கலங்களைக் காத்தவரைப் பற்றிய செய்திகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள்ளும் பெரும்பான்மை, பொருள் பறிபோனபோதோ பிழை நேர்ந்தபோதோ எழுந்த பதிவுகளாகும். அத்தகைய சில பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு, எண்ணுதல், பூட்டுதல், கணக்கொப்பித்தல் என்னும் மூன்று செயல்களின் வழியே இப்பணி உருப்பெற்ற வகையை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் வழக்காற்றில் அப்பணி பெற்ற சொல்லுருவங்களும் இறுதியில் நோக்கப்பெறுகின்றன.

சிர்த்தா நகரின் பட்டியல்

கி.பி. 303 பிப்ரவரியில் உரோமைப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறித்தவர்க்கு எதிராக வெளியிட்ட ஆணை, தொழுகைக் கூடங்களை இடிக்கவும் மறைநூல்களை எரிக்கவும் பணித்தது. அவ்வாணை வடஆப்பிரிக்காவில் நிறைவேற்றப்பட்ட முறையை, சிர்த்தா நகரத்தில் அவ்வாண்டு மே 19ஆம் நாள் எழுதப்பட்ட அலுவலகப் பதிவு காட்டுகிறது. இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்தாந்தீன் நகரமே அன்றைய சிர்த்தா ஆகும். நகர ஆட்சியரான முனாத்தியுஸ் பெலிக்ஸ், எழுத்தர்களுடன் கிறித்தவர் கூடும் வீட்டிற்குச் சென்று, மறைநூல்களையும் அங்குள்ள பிற பொருள்களையும் வெளியே கொணருமாறு ஆயர் பவுலைக் கேட்டார். நூல்கள் வாசகர்களிடம் உள்ளன என்றும், இங்கிருப்பவற்றைத் தருகிறோம் என்றும் ஆயர் விடையளித்தார்.

அடுத்து நிகழ்ந்ததை அப்பதிவு ஒரு காட்சியாகவே தீட்டுகிறது. ஆயரும் குருக்களும் அமர்ந்திருக்கின்றனர், திருத்தொண்டர்கள் நிற்கின்றனர், துணைத்தொண்டர்களும் கல்லறை வெட்டுவோரும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து வைக்கின்றனர். எழுத்தர் எழுதிக்கொள்கிறார். பொற்கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, வெள்ளிக் குடுவைகள் 6, வெள்ளிச் சிறுகலம் 1, வெள்ளி விளக்குகள் 7, மெழுகுதிரித் தண்டுகள் 2, விளக்குடன் கூடிய சிறு வெண்கலத் தண்டுகள் 7, சங்கிலியுடன் கூடிய வெண்கல விளக்குகள் 11. அவற்றுடன் பெண்களுக்குரிய மேலங்கிகள் 82, முக்காட்டுத் துணிகள் 38, ஆண்களுக்குரிய மேலங்கிகள் 16, ஆண்களின் காலணிகள் 13 இணை, பெண்களின் காலணிகள் 47 இணை. கிறித்தவத் திருப்பண்டங்களைப் பற்றி இன்று கிடைக்கும் மிகப் பழைய பட்டியல்களுள் இது ஒன்றாகும்.

இப்பட்டியல் இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, திருப்பண்ட அறையில் பீடத்திற்குரிய கலங்களும் ஏழையர்க்கு வழங்குதற்குரியவை எனக் கருதத்தக்க உடைகளும் ஒருங்கே இருந்தமை. பொற்கிண்ணத்தைக் காத்தவரே காலணிகளையும் காத்தார். வழிபாட்டுச் செல்வம், அறச்செல்வம் என்ற பிரிவு அவ்வறையில் இல்லை. இரண்டாவது, வழிபடுவோர் தம் பொருள்களைத் தாமே எண்ணி எழுதிய பட்டியல் அன்று இது. பறிப்பவர் எழுதிய பட்டியல். தஞ்சைப் பெரியகோயிற் சுவர்களில் முதலாம் இராசராசன் தான் வழங்கிய அணிகலன்களையும் பொற்கலங்களையும், 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்த எடையுடன் பொறிக்கச் செய்தான். அங்கே பட்டியல் கொடையின் சான்று. சிர்த்தாவில் அது பறிமுதலின் சான்று. எனினும், இரண்டிலும் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் எழுத்தில் ஏறியவுடன் அதற்குப் பொறுப்பானவர் யார் என்னும் வினாவும் எழுந்துவிடுகிறது.

காட்டிக்கொடுத்தலும் மறுத்தலும்

பட்டியல் எழுதி முடிந்தபின் பெலிக்சு நூலறைக்குச் சென்றார். அங்கிருந்த நிலைப்பேழைகள் வெறுமையாக இருந்தன. அப்போது துணைத்தொண்டருள் ஒருவரான சில்வானுஸ் ஒரு வெள்ளிப் பேழையையும் ஒரு வெள்ளி விளக்கையும் கொணர்ந்து, அவற்றை ஒரு சாடியின் பின்னால் கண்டதாகக் கூறினார். அவற்றைக் கண்டெடுக்காதிருந்தால் நீர் மாண்டிருப்பீர் என்று ஆட்சியரின் பணியாளர் ஒருவர் அவரிடம் கூறியதும் பதிவாகியுள்ளது. மற்றொரு துணைத்தொண்டரான கத்துல்லீனுஸ் மிகப் பெரிய சுவடி ஒன்றைக் கொணர்ந்தார். ஒன்று மட்டும் ஏன் என்று கேட்கப்பட்டபோது, தாம் துணைத்தொண்டர் என்றும் நூல்கள் வாசகரிடமே உள்ளன என்றும் விடை வந்தது. வாசகரின் பெயரைக் கூறுமாறு வற்புறுத்தியபோது கத்துல்லீனுசும் மார்குக்லியுசும் மறுத்தனர். தாங்கள் காட்டிக்கொடுப்பவர் அல்லர் என்றும், வேண்டுமானால் தங்களைக் கொல்ல ஆணையிடலாம் என்றும் கூறினர். இருவரும் சிறைப்பிடிக்கப்பட்டனர்.

ஒரே பணிநிலையில் இருந்தோரின் இருவேறு நிலைப்பாடுகள் இங்கு அடுத்தடுத்து வெளிப்படுகின்றன. கலங்களைத் தருவதில் அனைவரும் உடன்பட்டனர். சாடியின் பின்னிருந்ததையும் தேடிக் கொடுத்தவர் ஒருவர். பொருளைக் கொடுத்தபின்னும் மனிதரின் பெயரைக் கொடுக்க மறுத்தவர் இருவர். ஆயினும் அம்மறுப்பால் நூல்கள் காக்கப்படவில்லை. பிறரின் உதவியால் வாசகர்தம் வீடுகள் அன்றே சோதனையிடப்பட்டு 30க்கு மேற்பட்ட சுவடிகள் கைப்பற்றப்பட்டன. அவற்றுள் சில, விக்டர் என்னும் இலக்கண ஆசிரியரின் வீட்டிலிருந்து பெறப்பட்டவை.

இவ்வாறு ஒப்படைத்தோரைக் குறிக்க எழுந்த 'திராதித்தோர்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கையளித்தவர் என்பதே நேர்ப்பொருள். அதுவே காட்டிக்கொடுத்தவர் என்னும் பழிச்சொல்லாகவும் நிலைத்தது. 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், மறைநூல்களையோ ஆண்டவரின் கலங்களையோ உடன்பிறந்தாரின் பெயர்களையோ கையளித்த திருப்பணியாளர், அக்குற்றம் அரசுப் பதிவுகளால் மெய்ப்பிக்கப்படின், பணியினின்று நீக்கப்பட வேண்டும் என விதித்தது. நூல், கலம், பெயர் மூன்றும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டமை எண்ணத்தக்கது. வாய்ச்சொல் போதாது, பதிவு வேண்டும் என்ற நிபந்தனையும் அவ்வாறே கருதத்தக்கது.

அப்பதிவு 17 ஆண்டுகளுக்குப் பின் உயிர்பெற்றது. சில்வானுஸ் இதற்கிடையே சிர்த்தாவின் ஆயராகியிருந்தார். கையளித்தோரைத் தூய்மையற்றோர் எனக் கூறிப் பிரிந்த தொனாத்தியக் குழுவின் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார். அவருடன் பகைகொண்ட நுந்தினாரியுஸ் என்னும் திருத்தொண்டர் 320இல் ஆளுநர் செனோபிலுசின் முன் வழக்கைக் கொண்டுசென்றார். 303ஆம் ஆண்டின் பதிவு மன்றத்தில் படிக்கப்பட்டது. இலக்கண ஆசிரியர் விக்டர் முதலில் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். பதிவு படிக்கப்பட்டதும் அவரால் மறுக்க இயலவில்லை. ஏழையர்க்கென ஒரு செல்வப் பெண்மணி வழங்கிய பெருந்தொகை ஏழையரைச் சேராமல் ஆயர்களிடையே பங்கிடப்பட்டது என்னும் குற்றச்சாட்டும் அவ்வழக்கில் எழுந்தது. பின்னர் மிலேவிஸ் ஆயர் ஒப்தாத்துஸ் எழுதிய தொனாத்திய மறுப்பு நூலின் பின்னிணைப்பாக இவ்வழக்குப் பதிவு பாதுகாக்கப்பட்டது. திருப்பண்டக் காவலர் ஒருவரின் பெயர் வரலாற்றில் நின்றதற்கு அவர் காத்தது காரணமன்று, கையளித்ததே காரணமாயிற்று.

கலத்தை உடைக்கும் கடமை

கலங்களைக் காப்பது யாருக்காக என்னும் வினாவுக்குத் தொடக்ககாலத் திருச்சபை தந்த விடை வியப்பளிப்பது. 258இல் உரோமையில் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்சு, திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்குமாறு கேட்கப்பட்டபோது ஏழையரைத் திரட்டிவந்து நிறுத்தி, இவர்களே அச்செல்வம் என்று காட்டினார் என்பது மரபு. இம்மரபை நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எடுத்துரைத்த மிலான் ஆயர் அம்புரோசு, தம் வாழ்வில் அதற்கு ஒத்த செயலைச் செய்தவர். 378இல் உரோமைப் படை கோத்தியரிடம் தோற்ற காலத்தில் சிறைப்பட்டோரை மீட்பதற்காகத் திருக்கலங்களை உடைத்து உருக்கினார். அதற்காகத் தம்மைக் குறைகூறியோர்க்கு, பொன்னைக் காப்பதினும் உயிர்களைக் காப்பதே மேல் என்று விடையளித்தார். ஹிப்போ ஆயர் அகுஸ்தினும் சிறைப்பட்டோர்க்காகவும் வறியோர்க்காகவும் கலங்களை உருக்கச் செய்ததை அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் குறிப்பிடுகிறார்.

எனவே கையளித்தல் எல்லாம் குற்றமன்று. யாரிடம், எதற்காக என்பதே அதன் அறத்தை வரையறுத்தது. அச்சத்தால் ஆட்சியரிடம் தந்தால் பழி; இரக்கத்தால் அடிமைச்சந்தைக்குத் தந்தால் அறம். ஆயினும் அம்முடிவை எடுக்கும் உரிமை ஆயரிடமே இருந்தது. கலத்தை அன்றாடம் கையாண்டவருக்கு அவ்வுரிமை இல்லை. அவரிடம் எஞ்சியது கணக்கு மட்டுமே.

திறவுகோலும் தீண்டலும்

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இலவோதிக்கேயாச் சங்கத்தின் விதியொன்று, கீழ்நிலைத் திருப்பணியாளர் ஆண்டவரின் கலங்களைத் தொடலாகாது என்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால் நாட்டில் தொகுக்கப்பட்ட விதிநூல், வாயிற்காப்போரைப் பணியில் அமர்த்தும்போது அவர் கையில் கோயிலின் திறவுகோல்களைத் தர வேண்டும் என்றும், அவற்றால் பூட்டப்பட்ட பொருள்களுக்குக் கடவுளிடம் கணக்கொப்பிக்க வேண்டியவராக அவர் நடந்துகொள்ளப் பணிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. காவலின் இலக்கணமே இங்குத் திறவுகோலாகவும் கணக்காகவும் உருப்பெற்றுள்ளது.

கிழக்கில் இப்பணி பெருமதிப்புடைய பதவியாக வளர்ந்தது. கொன்ஸ்தாந்திநோபிளின் புனித சோபியா பேராலயத்தின் வடகிழக்கே கலங்களுக்கென எழுப்பப்பட்ட வட்ட வடிவக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் தலைமைக் காவலர் மறைமுதுவரின் உயர் அலுவலர்களுள் ஒருவராக எண்ணப்பட்டார். மேற்கில் 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரான் சங்கம், நற்கருணையும் கிறிஸ்மா தைலமும் எல்லாக் கோயில்களிலும் பூட்டிவைக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது. கவனமின்றி விட்டுவைத்தவர்க்கு மூன்று மாதப் பணிநீக்கத்தையும், அதனால் தீங்கு விளைந்தால் மேலும் கடுமையான தண்டனையையும் விதித்தது. 1234இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி வெளியிட்ட சட்டத்தொகுப்பு, திருப்பண்டக் காவலரின் கடமைக்கெனத் தனித் தலைப்பொன்றை வகுத்தது.

நடைமுறையில் இப்பணி எத்தகைய இடர்களை உடையது என்பதை இங்கிலாந்தின் பெரி நகர் எட்மண்டு துறவுமடத்து நிகழ்ச்சி காட்டுகிறது. 1198 அக்டோபரில் ஓர் இரவு, புனிதரின் பேழைக்கும் பீடத்திற்கும் இடையே இருந்த மரமேடையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுதிரி விழுந்து தீப்பற்றியது. துணி, மெழுகு முதலியவற்றைக் காவலர்கள் அம்மேடைக்கு அடியிலேயே திணித்துவைத்திருந்தனர். நாழிகைமணி ஒலித்ததும் எழுந்த திருவுடை அறைப் பொறுப்பாளர் தீயைக் கண்டு, இறப்பை அறிவிக்கும் முறையில் பலகையைத் தட்டி அனைவரையும் எழுப்பினார். கிணற்று நீருடன் நாழிகைக் கருவியின் நீரும் தீயணைக்கப் பயன்பட்டது. பிரேக்லண்டு யோசெலின் என்னும் அம்மடத் துறவியின் குறிப்பேடு இதனைப் பதிவுசெய்துள்ளது. அழிவுக்குக் காரணம் காவலரின் சோர்வு. மீட்புக்குக் காரணமும் மற்றொரு காவலரின் விழிப்பே. இதே குறிப்பேட்டில், மடத்தின் திருப்பண்டக் காவலர் கடனில் மூழ்கிய செய்தியும் விரிவாக இடம்பெறுகிறது.

தமிழ் வழக்கும் கோவில்பிள்ளையும்

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், ஊர்தோறும் வழிபாட்டை நடத்தவும் குழந்தைகளுக்குச் செபம் கற்பிக்கவும் உள்ளூராரை அமர்த்தினார். அவருடைய மடல்களில் இவர்கள் 'கணக்கப்பிள்ளை' என்னும் தமிழ்ச்சொல்லின் போர்த்துக்கீசிய வடிவத்தாலேயே குறிக்கப்படுகின்றனர். ஊர்க்கணக்கர்க்கு உரிய பெயரே கோயில் ஊழியர்க்கும் ஆகிவந்தது. குரு ஆண்டுக்குச் சிலமுறையே வரக்கூடிய ஊர்களில், கோயிலும் அதன் பொருள்களும் உள்ளூராரின் பொறுப்பிலேயே இருந்திருக்கும் என்பது வெளிப்படை. பிற்காலத்தில் மறைக்கல்வி கற்பிப்பவர் உபதேசியார் எனவும், கோயிலையும் கலங்களையும் காப்பவர் கோவில்பிள்ளை எனவும் பெயர் பெற்றனர். திருநெல்வேலிப் பகுதிச் சீர்திருத்தச் சபைகளிலும் இச்சொல் வழங்குகிறது. அங்கு ஆண்களின் இயற்பெயராகவும் அது அமைந்துள்ளது.

'பிள்ளை' என்னும் ஈறு கணக்கர், ஊழியர் முதலியோரைக் குறிக்கும் மதிப்புச் சொல்லாகவும், மகவைக் குறிக்கும் சொல்லாகவும் தமிழில் வழங்குவது. கோவில்பிள்ளை என்பதை முதற்பொருளில் கொண்டால் அவர் கோயிலுக்குக் கணக்குரியவர். இரண்டாம் பொருளில் கொண்டால் கோயிலின் மகவு. மக்கள் வழக்கில் இவ்விரு பொருளும் பிரிவின்றிக் கலந்தே ஒலிக்கின்றன. இலத்தீன், கிரேக்கப் பெயர்கள் பொருளை முன்னிறுத்த, தமிழ்ப்பெயர் உறவை முன்னிறுத்துகிறது என்பது இங்குக் கருதத்தக்கது.

இப்பணியாளரின் கைக்கருவிகளைக் குறிக்கும் சொற்களும் வரலாற்றைச் சுமந்துள்ளன. திருப்பண்ட அறையைக் குறிக்கும் 'சக்கிறீஸ்து' போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. 'அலமாரி' என்பதும் 'சாவி' என்பதும் அம்மொழியினவே. சிர்த்தாவில் வெறுமையாகக் காணப்பட்ட நூற்பேழைகளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் தமிழின் 'அலமாரி'யும் ஒரே வேரின. திறவுகோல் என்னும் தொன்மையான சொல் இருந்தும் சாவி என்பதே இன்று தமிழர் இல்லங்களெங்கும் வழங்குகிறது. சக்கிறீஸ்து கோயிலெல்லைக்குள்ளேயே நின்றுவிட, அதனுள் இருந்த அலமாரியும் அதனைப் பூட்டிய சாவியும் சமய எல்லை கடந்து பொதுச்சொற்களாயின.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் கோயில்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. பனிமய மாதாவின் திருவுருவம் கோயிலினின்று அகற்றப்பட்டு மறைவாகப் பாதுகாக்கப்பட்டது என்பது பரதவரிடையே வழங்கும் மரபு. அரசின் கை நீளும்போது கலங்களையும் உருவங்களையும் என்செய்வது என்னும் சிர்த்தாவின் வினா முத்துக்குளித்துறையிலும் எழுந்தது. இங்கு அதற்கு விடை கண்டது ஊர் முழுவதும் ஆகும்.

தொடுதற்குரியோர் யார் என்னும் வினா, சாதியால் பிளவுண்ட சமூகத்தில் மேலும் கூர்மை பெற்றது. வடக்கன்குளத்தில் 1872இல் சாதிவாரியாக இரு பகுதிகளாக அமைக்கப்பட்ட கோயிலின் தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. மக்கள் அமரும் இடமே பிரிக்கப்பட்ட சூழலில், பீடத்தை அணுகும் உரிமையும் சாவியை வைத்திருக்கும் உரிமையும் ஊழியம் என்ற நிலையைக் கடந்து மதிப்பின் அடையாளமாகக் கருதப்படும் என்பதை உய்த்துணரலாம்.

தற்கால விதிகள்

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, திருக்கிண்ணம் முதலியவற்றைத் திருநிலையினரும் அவற்றின் காவலை ஏற்றவரும் அன்றிப் பிறர் தொடாதவாறு கவனிக்க வேண்டும் என்றது. குருத்துவம் பெறாத பொதுநிலைக் காவலருக்கு இவ்விதி தனியொரு வாயிலைத் திறந்தது: பட்டத்தால் அன்றிக் காவலால் அவர் கைக்குத் தகுதி வந்தது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வாயிற்காப்போர் முதலிய சிறுபட்டங்களை நீக்கினார். அப்பட்டத்தின் பணியோ நீங்கவில்லை. ஏற்கெனவே அது பொதுநிலையினர் கைக்கு வந்திருந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, நற்கருணைப் பேழையின் திறவுகோல் மிகுந்த கவனத்துடன் காக்கப்பட வேண்டும் என்றும், பொறுப்பேற்பவர் அசையும், அசையாப் பொருள்களின் துல்லியமான பட்டியலை உருவாக்கிக் கையொப்பமிட வேண்டும் என்றும் பணிக்கிறது. பட்டியலும் திறவுகோலும் இன்றும் இப்பணியின் இரு தூண்களாக நிற்கின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. திருப்பண்டக் காவலரின் அதிகாரம் திறவுகோலளவே. பொறுப்போ பட்டியலில் உள்ள அனைத்திற்கும் ஆகும். உடைப்பதா, விற்பதா, மறைப்பதா, கையளிப்பதா என முடிவெடுப்போர் மேலிருந்தனர், கணக்கொப்பித்தவர் கீழிருந்தார். சிர்த்தாவில் ஆயர் அமர்ந்திருக்கத் துணைத்தொண்டர் பொருள்களைச் சுமந்துவந்த காட்சியே இவ்வமைப்பின் சுருக்கம். ஆயினும் பெயர்களைக் கூற மறுத்தவர்கள் அக்கீழ்நிலையினரே என்பது, பதவி சிறிதாயினும் அதன் அறம் சிறிதன்று என்பதை நிறுவுகிறது.

பதிவுகள் பெரும்பாலும் இழப்பின்போதே எழுதப்பட்டமையால், இழப்பின்றிக் காத்தவர் வரலாற்றில் இடம்பெறவில்லை. நாள்தோறும் எண்ணி, துலக்கி, பூட்டி, மறுநாளும் அதே எண்ணிக்கையை ஒப்படைத்தவரைப் பற்றி எழுதுவதற்கு எழுத்தர் எவரும் வந்ததில்லை. தமிழகப் பங்குகளில் உள்ள பழைய கோயிற்பொருட் பட்டியல்களும், முதிய கோவில்பிள்ளைகளின் நினைவுகளும் அவ்விடைவெளியை நிரப்பவல்ல சான்றுகளாகும். கலங்களின் பெயர்களும் உடைகளின் பெயர்களும் துலக்கும் முறைகளும் அவர்தம் நாவில் வழங்கும் தொழிற்சொற்கள். அச்சேறிய அகராதிகளில் அவற்றுட் பல இடம்பெறுவதில்லை. அவற்றைத் தொகுத்தல் திருச்சபை வரலாற்றிற்கு மட்டுமன்றித் தமிழ்ச் சொல்வரலாற்றிற்கும் துணைசெய்யும்.